கண்ட்ராக்டருக்கு உடையாத அகல்

‘டங்’ என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். அகல் உடையவில்லை.

பலகைமேல் நிறுத்தியிருந்த மண் அகலின் நடுவில் ஈய ரவை பட்டதை என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். பட்ட இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு பொட்டு. அகல் கொஞ்சம் ஆடிவிட்டு நின்றுகொண்டது. ரவை கீழே விழுந்து உருண்டு, கடைக்குப் பின்னால் குந்தியிருந்த என் காலருகே வந்தது.

சுட்டவர் ராஜவேலு கண்ட்ராக்டர். ஜவ்வாது மலையின் புளியும் கடுக்காயும் அன்று அவர் குத்தகையில் இருந்தன. திருப்பத்தூரில் மாடி வீடு, மலைமேல் ஒரு கிடங்கு, விரலில் கல் மோதிரம், பின்னால் எப்போதும் ஐந்தாறு ஆட்கள். ஆடி மாதம் மலைமேல் கூடுகிற திருவிழாவுக்கு வந்தவர், எங்கள் ஏர்கன் கடையைப் பார்த்ததும், “வேட்ட ஆடுன கைடா இது” என்று சொல்லித் துப்பாக்கியை வாங்கினார்.

இரண்டாவது ரவையும் பட்டது. மறுபடி ‘டங்’. மூன்றாவது, அகலுக்குப் போய்ச் சேரவே இல்லை. வழியிலேயே தாழ்ந்து பலகையின் காலில் இடித்துக்கொண்டு விழுந்தது.

கூட்டத்தில் ஒரு பெண் களுக்கென்று சிரித்துவிட்டாள்.

அதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. அடுத்து வந்தவர் சாமை மூட்டை சுமந்து வந்திருந்த ஒரு மலைக்காரர். துப்பாக்கியை எங்கே வைத்துப் பிடிப்பது என்றுகூட அவருக்குத் தெரியவில்லை. நெஞ்சில் வைத்தார். என் வீட்டுக்காரர்தான் தோளுக்கு மாற்றிவிட்டார். படார், படார், படார். மூன்று அகலும் தூள். மனிதர் பரிசு சோப்பை வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு, இடுப்பில் முடிந்துகொண்டு போனார்.

கண்ட்ராக்டர் முகத்தைப் பார்க்க எனக்கே தைரியம் வரவில்லை.

“இன்னாடா இன்னாசி? ஆளப் பாத்து சுடுதா உன் துப்பாக்கி?”

என் வீட்டுக்காரர் பதில் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது. வாய் நிறைய ரவை.

ஆணி வாய்

இங்கே கொஞ்சம் நிறுத்தி அவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சென்ற வாரம் இந்தப் பத்திரிகையில் என் கல்யாணத்தைப் பற்றி எழுதினேன். மோர்க்குழம்பு புளித்ததுவரை எழுதியவள், மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்பதை எழுதாமல் விட்டிருக்கிறேன் பாருங்கள்.

வாணியம்பாடியில் தோல் பதனிடுகிற ஷாப்புகள் நிறைந்த பக்கத்தில் ஒரு செருப்புக் கடையில் செருப்புக் கட்டுவது அவர் வேலை. அந்த வேலைக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. சின்ன ஆணிகளாக ஒரு பிடி எடுத்து வாயில் போட்டு அடக்கிக்கொள்வார்கள். இடது கை தோலைப் பிடித்திருக்கும், வலது கையில் சுத்தியல். ஆணி எடுத்துக் கொடுப்பது நாக்கின் வேலை. தலைப்பக்கம் முன்னால் வரும்படி ஒவ்வொன்றாக உதட்டுக்குத் தள்ளும். ஒரு நாளும் விழுங்கியதில்லை என்பார்.

மாப்பிள்ளை பார்க்க அந்தக் கடைக்கே போய், ஒளிந்து நின்று பார்த்துவிட்டு வந்த என் அம்மா, “பையன் வாயே தொறக்கல, அவ்ளோ அடக்கம்” என்று பூரித்துப்போனாள். அடக்கமாவது ஒன்றாவது! வாயில் ஆணி.

யுத்தம் வந்தது. தோலெல்லாம் பட்டாளத்து பூட்ஸுக்குப் போனது. செருப்புக் கடை மூடியது. மலையில் காட்டு பங்களாவில் இருந்த ஒரு துரை அந்தச் சமயத்தில்தான் ஊரைவிட்டுக் கிளம்பினார். அவர் சாமான்களை ஏலம் விட்டபோது கட்டிலும் நாற்காலியும் பெரிய இடங்களுக்குப் போயின. ஒருவரும் சீந்தாத ஒரு பழைய ஏர்கன் எங்களுக்கு வந்தது. ஜெர்மன்காரன் செய்தது என்றார்கள். அந்த வருஷங்களில் அதை வெளியில் சொல்லவே பயம்.

பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். அதில் வெடிமருந்து கிடையாது. சைக்கிளுக்குக் காற்றடிக்கிற பம்ப்பு மாதிரிதான். குழலை மடக்கினால் உள்ளே ஒரு கெட்டியான ஸ்பிரிங் சுருங்கும். விசையைத் தட்டினால் அந்த ஸ்பிரிங் பாய்ந்து ஒரு தோல் மூடியைத் தள்ளும். மூடி காற்றை நெருக்கும். நெருங்கின காற்று ரவையை விரட்டும். ரவைக்கு இடுப்பு ஒடுங்கி, பின்பக்கம் பாவாடைபோல விரிந்திருக்கும். அந்தப் பாவாடை குழலை ஒட்டிக்கொண்டு போனால்தான் காற்று தப்பாமல் தள்ளும்.

இவர் ஆணி இருந்த இடத்தில் ரவையைப் போட்டுக்கொண்டார். ஒரு கை குழலை மடக்க, ஒரு கை துப்பாக்கியைப் பிடிக்க, நாக்கு ரவையைத் தள்ள, கட்டைவிரல் அதை எடுத்து அழுத்த, கண் மூடித் திறப்பதற்குள் அடுத்த குண்டு தயார். கடைக்கு முன்னால் அதைப் பார்க்கவே கூட்டம் நிற்கும்.

பலூன்தான் முதலில் கட்டினோம். யுத்தத்தில் ரப்பரும் போயிற்று. பிறகு ஆலங்காயம் குயவர் கோணல் என்று ஒதுக்கிய அகல்களை வாங்கி வைத்தோம். பலூனைவிட அதுவே நன்றாக இருந்தது. உடைகிற சத்தத்துக்கே ஜனங்கள் வருவார்கள்.

எங்கள் பங்குச் சாமியாருக்கு இதெல்லாம் பிடிக்காது. “வேற சாமி திருவிழாவில் போய்க் கடை போடுகிறாயே” என்று என்னைக் கேட்டார். “அந்தச் சாமி ஆட்டுக் கெடாவத்தான் கேக்குது சாமி, என்ன ஒண்ணும் கேக்கல” என்றேன். அதற்கப்புறம் கொஞ்ச காலம் அவர் என்னோடு பேசவில்லை. நானும் வருத்தப்படவில்லை.

கவுண்டர் வைத்த கெடு

கண்ட்ராக்டர் நேரே ஊர்க்கவுண்டரிடம் போனார். மலைமேல் அந்தத் திருவிழாவில் எந்த வழக்கும் கவுண்டர் முன்னால்தான் தீரும். போலீஸ் செங்கத்திலிருந்து ஏறி வருவதற்குள் வழக்குக்காரன் கிழவனாகிவிடுவான்.

எங்களைக் கூப்பிட்டனுப்பினார்கள். நான் போகும்போதே “ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்” என்று கொஞ்சம் உரக்கவே சொல்லிக்கொண்டு போனேன். இவர் என் கையைக் கிள்ளினார்.

கவுண்டர் வயதானவர். அதிர்ந்து பேசமாட்டார்.

“கண்ட்ராக்டரு சுட்டா ஒடையல, நம்ம ஆளு சுட்டா ஒடையுது. துப்பாக்கில இன்னாமோ வித்த இருக்குதுன்றாரு. நீ இன்னாப்பா சொல்ற?”

இவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான்தான் பேசினேன். “வித்தயெல்லாம் எதுவும் இல்லீங்க. துப்பாக்கிக்கு இன்னா ஆச்சுன்னு பாத்து சரி பண்ணிட்றோம்.”

“சரி. கொடி எறக்கற அன்னிக்கி எல்லாரு முன்னாலயும் அவுரு மறுபடி சுடட்டும். ஏமாத்து வேலன்னு தெரிஞ்சா, இந்த மலையில இனிமே நீங்க எங்கயும் கட போடக்கூடாது.”

மலையில் மட்டும் போனால்கூடத் தாங்கியிருப்போம். கண்ட்ராக்டரின் புளி வண்டிகள் போகாத சந்தை எது? செங்கத்துக்கும் ஆலங்காயத்துக்கும் எங்களுக்கு முன்னால் அந்தப் பேச்சு இறங்கிவிடும். ஏமாற்றுக் கடை என்று பேர் விழுந்தவனை எந்த ஊர்த் திருவிழாவில் கடைக்குக் கயிறு கட்ட விடுவார்கள்? நிலமா, மாடா, எங்களுக்கு என்ன இருந்தது? அந்தத் துப்பாக்கியும் அவர் பேரும்தான்.

சோப்பில் ஓட்டை

ஒரு மலைக்காரர் வீட்டு மாட்டுக்கொட்டகையின் ஓரத்தில் எங்களுக்கு இடம் கொடுத்திருந்தார்கள். அங்கே போனதும் இவர் முதலில் சொன்னது, “அவுருக்குக் குறி தப்பிச்சி, அவ்ளோதான்.”

“இல்லீங்க. பட்டுச்சி. நான் பாத்தேன். பட்டும் ஒடையலன்னா குறியில தப்பு இல்ல, வேகத்துல தப்பு.”

“வேகத்த எப்பிடிப் பாக்கறது?”

பரிசுக்கு வைத்திருந்த துணி சோப்பில் ஒரு கட்டியை எடுத்து மண் சுவரோரம் நிறுத்தினேன். வாய்விட்டு அழலாம்போல இருந்தது. யுத்த காலத்தில் சோப்பு. ஆனாலும் நிறுத்தி, அவரைச் சுடச் சொன்னேன். ஒவ்வொரு குண்டுக்கும் ரவை எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று விளக்குமாற்றுக் குச்சியை விட்டுப் பார்த்தேன். ஒன்று விரல்கணு ஆழம். அடுத்தது அதில் பாதி. அதற்கடுத்தது ‘டுமீல்’ என்று வெடிச்சத்தத்தோடு போய் சோப்பையே பிளந்தது. குழல் வாயில் புகை. கருகின எண்ணெய் வாடை.

“எண்ண ஊத்துனீங்களா?”

“கொஞ்சம். தேங்கா எண்ண.”

“எவ்ளோ கொஞ்சம்?”

அவர் வானத்தைப் பார்த்தார். அது போதும் எனக்கு. உள்ளே தேங்கின எண்ணெய் காற்று நெருங்குகிற சூட்டில் பற்றிக்கொண்டு ஒரு குண்டை வெறிபிடித்தாற்போலத் தள்ளுகிறது. அடுத்த குண்டுக்கு அந்த எண்ணெயே வழியை அடைக்கிறது.

பிரித்தோம். பிரிப்பது சாதாரணம் இல்லை. அந்த ஸ்பிரிங் துள்ளினால் பல் பெயர்ந்துவிடும். அவர் துப்பாக்கியின் பின்பக்கத்தை மரத்தில் முட்டுக்கொடுத்து முழு பலத்தோடு அழுத்த, நான் திருகாணியைக் கழற்றினேன். ஸ்பிரிங் நேராகத்தான் இருந்தது. தோல் மூடியின் விளிம்பு மட்டும் ஒரு பக்கம் எண்ணெயில் ஊறி, ஒரு பக்கம் காய்ந்து விறைத்துப்போயிருந்தது.

தோல் விஷயத்தில் என்னிடம் யாரும் கதைவிட முடியாது. என் அப்பா தோல் ஊறவைக்கிற ஆவாரம்பட்டைத் தொட்டியில் நின்றே காலம் கழித்தவர். எங்கள் வீட்டுச் சோற்றிலேயே பட்டை வாடை வரும். விறைத்த தோலுக்கு எண்ணெய் உதவாது, கொழுப்பு வேண்டும். திருவிழா மலையில் ஆட்டுக் கொழுப்புக்கா பஞ்சம்? கேட்ட வீட்டிலெல்லாம் கொடுத்தார்கள். உருக்கி, துணியில் வடித்து, இளஞ்சூட்டில் மூடியை அதில் ஊறவைத்து, விரலால் நீவி நீவி விளிம்பை ஒரே சீராகக் கொண்டுவந்தேன்.

பிறகு குழல் மடங்குகிற மூட்டு. அதன்மேல் ஒரு சிட்டிகை சாமை மாவைத் தூவி, சுடச் சொன்னேன். மாவு ‘புஸ்’ என்று பறந்தது. அங்கேயும் காற்று ஒழுகுகிறது. இவர் இடுப்பு வாரின் நுனியை வெட்டி அதற்கு ஒரு புது வளையம் செய்துபோட்டேன். இப்போது மாவு அசையவில்லை. ஆடிக்கொண்டிருந்த திருகாணிகளை முடுக்கினோம்.

இன்னொரு சோப்பு. ஒன்று, இரண்டு, ஐந்து, பத்து. எல்லா ஓட்டையும் குச்சிக்கு ஒரே ஆழம்.

“பாத்தீங்களா?” என்றேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். அன்று அவர் சிரித்த சிரிப்பு நன்றாக இருந்தது. சொல்லாமல் ஏன் இருக்க வேண்டும், ரொம்ப நன்றாக இருந்தது.

மறுநாள் கடை திறந்தோம். அகல்கள் சடசடவென்று உடைந்தன. சோப்பு போகிறதே என்றுகூட நான் கவலைப்படவில்லை. பொழுது உச்சிக்கு வரும் நேரம் காக்கி உடுப்போடு காட்டிலாகா ரேஞ்சர் வந்தார். பூட்ஸ் காலை அகட்டி வைத்துச் சுட்டார்.

டங்.

மறுபடி டங்.

ரேஞ்சர் நல்ல மனிதர், சிரித்துவிட்டுப் போய்விட்டார். கண்ட்ராக்டரின் ஆள் ஒருவன் அங்கேதான் நின்றிருந்தான். அவன் சிரிக்கவில்லை. குடுகுடுவென்று ஓடினான்.

வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்த கதை என்பார்களே, அதுதான். துப்பாக்கியைத் தூக்கிப் பள்ளத்தில் எறிந்துவிடலாமா என்று வந்தது எனக்கு.

கவுண்டர் வந்து நின்றார்

அன்று பிற்பகல் மறுபடி சோப்பு. நான் ரவை போட்டு நான் சுட்டால் சரியாகப் போகிறது. சரி, இவரே போட்டு இவரே சுடட்டும் என்றேன். வாயிலிருந்து ரவையை எடுத்துப் போட்டார், சுட்டார். அதுவும் சரியாகத்தான் போகிறது. தோல் சரி, மூட்டு சரி, ஸ்பிரிங் சரி. பிறகு எந்தச் சனியன்தான் இதைப் பிடித்தது?

அந்த நேரத்தில் கவுண்டர் வந்தார். கண்ட்ராக்டரின் ஆள் போய்ச் சொல்லியிருப்பான். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு இவர் பக்கத்தில் வந்து நின்றார். “சுடு, பாக்கறேன்” என்று மட்டும் சொன்னார்.

இவர் மூன்று குண்டு சுட்டார். தூரத்திலிருந்தே எனக்குச் சத்தம் வேறாகக் கேட்டது. போய்க் குச்சியை விட்டுப் பார்த்தேன். நகக்கண் ஆழம்கூட இல்லை.

கொண்டை ஊசியால் அந்த மூன்று ரவையையும் நோண்டி எடுத்தேன். முன்பு போன ரவைகளையும் எடுத்தேன். எல்லாவற்றையும் உள்ளங்கையில் போட்டுப் பார்த்தேன். பழைய ரவைகளின் பாவாடை வட்டமாக இருந்தது. இந்த மூன்றும் பின்பக்கம் சப்பையாகி, ஓரத்தில் குழி குழியாக இருந்தன. ஈயம் மெத்தென்றது. நகம் பட்டாலே தடம் விழும். இது நகத் தடம் இல்லை.

நிமிர்ந்து இவர் முகத்தைப் பார்த்தேன். கன்னத்தில் தாடை எலும்புக்கு மேல் ஒரு நரம்பு துடித்துக்கொண்டிருந்தது.

கவுண்டர். ரேஞ்சர். கண்ட்ராக்டர். மாதா கோயிலில் சாமியார் எதிரில் வரும்போதுகூட அந்த நரம்பு அப்படித் துடிப்பதை நான் பார்த்திருக்கிறேன். பெரிய ஆள் ஒருவர் வந்து பக்கத்தில் நின்றால் போதும், இவருக்குப் பல் இறுகிவிடும். அவருக்கே தெரியாது.

ஏன் என்று எனக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறார். செருப்புக் கடையில் ஒரு ஆணி வளைந்தால் முதலாளி பின்னால் வந்து நின்று பிடரியில் அறைவாராம். வாய் நிறைய ஆணி இருக்கும்போது அறை விழுந்தால் என்ன செய்வது? வாய் திறந்தால் ஆணி தொண்டைக்குள் போய்விடும். பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டியதுதான். வருஷக்கணக்காகக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மனிதர்.

இரும்பு ஆணியைக் கடித்தால் பல்லுக்குத்தான் கேடு. ஈயம் நசுங்கிவிடுகிறது. நசுங்கின பாவாடையின் ஓரத்தில் காற்றெல்லாம் ஒழுகிப்போகிறது.

அந்த முதலாளி நாசமாய்ப் போக என்று அன்று சபித்தேன். இன்றைக்கும் சபிக்கிறேன். சாமியாரிடம் செய்யும் பாவசங்கீர்த்தனத்தில் இதை நான் ஒருபோதும் சொன்னதில்லை.

கவுண்டர் போன பிறகு ரவைகளை இவரிடம் காட்டினேன். வார்த்தையைப் பார்த்துப் பார்த்துத்தான் எடுத்தேன்.

“இன்னாங்க, ரவைய வாய்ல வெக்க வேணாம். கொட்டாங்குச்சில வெச்சிக்கலாம். பல்லு பட்டு நசுங்குது.”

“நானா கடிச்சேன்?”

“தெரிஞ்சா கடிச்சீங்க? தானா படுது.”

“வருஷமா வாய்லதான வெக்கறேன். இப்ப மட்டும் இன்னா?”

அவர் ரவையை விரலில் வைத்து உருட்டிப் பார்த்தார். யார் யார் பக்கத்தில் நின்றபோது நசுங்கின குண்டு என்று நான் சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை. “சரி, வை” என்றார். அன்று சாப்பிடவில்லை.

புளிய மரத்தடியில்

கொடி இறக்குகிற அன்று புளிய மரத்தடியில் பலகையை நிறுத்தினோம். திருவிழாக் கூட்டம் முழுக்க அங்கே. கொட்டாங்குச்சியில் ரவை. நானே ஒவ்வொன்றாக எடுத்து இவர் கையில் கொடுத்தேன். இவர் துப்பாக்கியில் போட்டுக் கண்ட்ராக்டரிடம் நீட்டினார்.

படார். படார். படார்.

மூன்றும் தூள். நான் சிலுவை போட்டுக்கொண்டேன். முட்டாள், ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

கண்ட்ராக்டர் துப்பாக்கியை இறக்கிவிட்டுக் கூட்டத்தைப் பார்த்தார். “பாத்தீங்களா கவுண்டரே? அன்னிக்கி ஒடையாதது இன்னிக்கி ஒடையுது. மாட்டிக்கினதும் வித்தய எடுத்துட்டானுங்க.”

ஆமாம், ஆமாம் என்று நாலு பேர் தலையாட்டினார்கள். உடையாவிட்டாலும் திருட்டு, உடைந்தாலும் திருட்டு. எந்தப் பக்கம் போனாலும் முட்டுச் சந்து.

“இன்னாப்பா பண்ண துப்பாக்கிய?” என்று கவுண்டர் இவரைக் கேட்டார். இவர் வாயில் அன்று ஒன்றும் இல்லை. அப்போதும் பேச்சு வரவில்லை.

நான் முன்னால் போய் நின்றேன். தேங்காய் எண்ணெயிலிருந்து ஆரம்பித்து, கொழுப்பு, சாமை மாவு, வார்த் துண்டு எல்லாவற்றையும் சொன்னேன். ஜனங்கள் கவனமாகத்தான் கேட்டார்கள். கவுண்டர் மட்டும் விடவில்லை.

“எல்லாம் சரி பண்ண பின்னாலதான ரேஞ்சரு சுட்டாரு. அவுருக்கு ஏன் ஒடையல? நான் வந்து நின்னப்ப ஏன் சரியா போவல?”

இதற்கு ஒரே பதில்தான் இருந்தது. நசுங்கின ரவையை முந்தானை முடிச்சிலிருந்து எடுத்து அவர் கையில் வைத்தேன்.

“இவுரு ரவைய வாய்ல வெச்சிருப்பாருங்க. பெரிய ஆளுங்க வந்து பக்கத்துல நின்னா பயந்து பல்லக் கடிச்சிக்கிறாரு. அவுருக்கே தெரியாது. ரவ நசுங்கிப் போவுது. அவ்ளோதாங்க. சத்தியமா ஏமாத்தல.”

கவுண்டர் ரவையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு யாரோ ஒருவன், “பயந்தாங்கொள்ளி கையில துப்பாக்கிடோய்!” என்றான்.

அவ்வளவுதான். மலையே சிரித்தது. பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். கண்ட்ராக்டர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “ஏன்டா, என்னப் பாத்தா அவ்ளோ பயமா உனக்கு?” அவர் கோபமெல்லாம் எங்கேயோ போய்விட்டது. தன்னைப் பார்த்து ஒருவன் பல்லைக் கடித்துக்கொண்டு நடுங்கினான் என்பது அவருக்கு எத்தனை இனிப்பாக இருந்தது என்பதை அவர் முகத்தில் பார்த்தேன்.

கவுண்டர்கூடச் சிரித்துவிட்டார். “சரி, வுடுங்க. பயத்துக்கு இன்னா தண்டன குடுக்கறது? கட போட்டுக்கட்டும்.”

எனக்கு உயிர் வந்தது. கடை தப்பித்தது, பேரும் தப்பித்தது என்று இவர் பக்கம் திரும்பினேன்.

“பொய்” என்றார் இவர்.

அவர் குரல் அவ்வளவு உரக்க நான் கேட்டதே இல்லை.

“அவ சொல்றது பொய், கவுண்டரே. எனக்கு யாரப் பாத்து பயம்? நான்தான் வேணும்னே கடிச்சேன். பெரிய மனுஷன்னு மொறச்சிக்கினு வந்து நின்னாரு. அசிங்கப்படட்டும்னுதான் கடிச்சிப் போட்டேன். ஏமாத்துனது நான்தான்.”

சிரிப்பு நின்றுவிட்டது. சொல்லி முடித்தபோதும் அவர் தாடையில் அந்த நரம்பு துடித்துக்கொண்டுதான் இருந்தது. ஒருவரும் அதைப் பார்க்கவில்லை. எல்லோரும் ஒரு திருடனைப் பார்த்தார்கள். திருடனைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை.

“இல்லீங்க, இல்லீங்க” என்று நான் கத்தினேன். “நீ சும்மா இரும்மா. ஆம்பளயே ஒத்துக்கினான்” என்றார் கவுண்டர். கண்ட்ராக்டர் இவரை மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையில் ஒரு மரியாதை இருந்தது. அதுதான் என் வயிற்றை எரித்தது.

தீர்ப்பு சொன்னபடிதான். பலகையையும் கயிற்றையும் அவிழ்த்துக் கட்டிக்கொண்டு பொழுதோடு இறங்கினோம். பாதி மலையில், “ஏங்க அப்பிடிச் சொன்னீங்க? கட போட்டுக்கன்னுட்டாரே?” என்று கேட்டேன்.

“சிரிச்சாங்கல்ல, லூர்து” என்றார்.

கில்லாடி

அதன்பிறகு எந்தச் சந்தையிலும் எங்களைக் கயிறு கட்ட விடவில்லை. துப்பாக்கியை விற்றோம். அவர் வண்டிகளுக்குப் பாரம் ஏற்றினார். நான் தோல் ஷாப்பில் பச்சைத் தோலின் மயிர் கழிக்கிற வேலைக்குப் போனேன். அந்த வருஷங்களைப் பற்றி எழுதுவதற்கு எனக்கு மனசும் இல்லை, உங்களுக்குப் படிக்கத் தெம்பும் இருக்காது.

ஆனால் கதை மட்டும் வளர்ந்தது. ஆலங்காயம் டீக்கடையில் இவரையே அதைச் சொல்லச் சொல்லிக் கேட்பார்கள். கண்ட்ராக்டரையே ஏமாற்றிய இன்னாசி. ஒவ்வொரு தடவையும் கண்ட்ராக்டருக்கு ஒரு முழம் மீசை கூடும், இவருக்கு ஒரு முழம் தைரியம் கூடும். நடுவில் ‘பயத்துல கடிச்சிட்டாரு’ என்று உளறின பெண்டாட்டி வருவாள். அவள்மேல்தான் எல்லோரும் சிரிப்பார்கள். தெருவில் என்னைப் பார்த்தால், “உங்க வூட்டுக்காரரு கில்லாடிம்மா” என்பார்கள். கடைசிக் காலத்தில் அவரே அதை நம்பினார். என்னிடமே சொல்ல ஆரம்பித்தார், நான் அங்கே இல்லாதவள் மாதிரி.

அவர் போனபோது பெரிய கூட்டம். திருப்பத்தூரிலிருந்து வந்த என் மகன், அவன் குமாஸ்தா, அப்பாவின் தலைமாட்டில் நின்று அந்தக் கதையைத்தான் எல்லோருக்கும் சொன்னான். எதற்கும் பயப்படாத மனுஷன் என்றான். அழுதுகொண்டே சொன்னான்.

எனக்குத் தாங்கவில்லை. “பொய்டா. உங்கப்பா ஒரு நாளும் யாரயும் ஏமாத்தல. பயந்தாருடா. அடி வாங்கி அடி வாங்கி பயந்துபோன மனுஷன்டா அவுரு” என்றேன்.

மகன் என் தோளைப் பிடித்து அழுத்தினான். “சும்மா இரும்மா” என்று காதருகே சொன்னான். “செத்தவர இப்பிடி அசிங்கப்படுத்தாத.”

இந்த வாரம் வரைக்கும் சும்மாதான் இருந்தேன்.